சந்தனம் ஒட்டிய காசு

என்னங்க,

நேற்று பெயிண்ட் கடைக்குப் போனேன். ஜன்னல் கம்பியெல்லாம் துருப்பிடித்துக் கிடக்கிறது என்று நம் மகள் போன வாரம் வந்தபோது சொல்லிவிட்டுப் போனாள். ஆளையும் அவளே பேசிவிட்டாள், பெயிண்ட் மட்டும் நான் வாங்கி வைக்க வேண்டும். கறுப்பு வேண்டும் என்றேன். கடையில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே, "கிளாஸா, மேட்டாம்மா?" என்று கேட்டாள். பளபளப்பதா, மின்னாததா என்கிற சின்னக் கேள்விதான். எங்கேயோ தின்னர் டப்பா திறந்திருந்தது போல, அந்த வாடை நேரே தொண்டைக்குள் இறங்கியது. அவள் மறுபடியும் கேட்டாள். பின்னால் நின்றவர் செருமினார். நான் ஒன்றும் வாங்காமல் வெளியே வந்து, வெயிலில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகக் கொஞ்ச நேரம் நடந்துவிட்டு ஆட்டோ பிடித்தேன். இன்று காலையில் பெயிண்டர் வந்து பிரஷ்ஷோடு நின்றான். நாளைக்கு வா என்று அனுப்பிவிட்டேன்.

நீங்கள் இருந்திருந்தால் அந்தப் பெண்ணை லேசில் விட்டிருக்க மாட்டீர்கள். வெயில் எந்தப் பக்கம் விழுகிறது, கம்பியில் கை படுமா, டப்பாவைத் திறந்து காட்டு என்று அவளைப் படுத்தி எடுத்திருப்பீர்கள். நான் கடை வாசலில் நின்றுகொண்டு நேரமாகிறது நேரமாகிறது என்று முனகியிருப்பேன். இப்போது முனகுவதற்கும் ஆளில்லை. காலையிலிருந்து வீட்டுக்குள் நடந்துகொண்டிருக்கிறேன். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது. உங்கள் வியாதி எனக்கு ஒட்டிக்கொண்டது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன், எழுதும்போதாவது ஓரிடத்தில் இருப்பேன் என்று.

உங்களுக்கு உட்காரவே தெரியாது. சாப்பிடும்போதுகூட ஒரு கால் ஆடிக்கொண்டிருக்கும். சபையில் பிரசங்கம் நீண்டால் முன் பெஞ்சின் விளிம்பை விரலால் தடவித் தடவி, இதை மெஷினில் எந்த பிட்டு மாட்டி இப்படி உருட்டி இழைத்திருப்பான் என்று யோசிப்பீர்கள். ஜெபத்துக்குக் கண்ணை மூடியிருக்கும்போது என் காதில் அதைச் சொல்லவும் செய்வீர்கள். அப்போது நீங்கள் மதுரைக்குப் பக்கத்தில் கப்பலூர் தொழிற்பேட்டையில், டி.வி.க்கு மரக்கூடு செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில் சூப்பர்வைசர். இழுத்து மூடுகிற கதவு வைத்து, பூட்டும் வைத்த கூடு. எண்பதுகளில் டி.வி. வாங்கியவர்கள் அதை நகை மாதிரிப் பூட்டித்தானே வைத்தார்கள். நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். கல்யாணமான நாளிலிருந்து நீங்கள் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கோபம் என்றாலும் டீச்சர், கொஞ்சல் என்றாலும் டீச்சர். எது எது என்று குரலை வைத்து நானே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும்.

உங்களோடு வேலை பார்த்த சிநேகிதர் ஒருவர் மஸ்கட்டுக்குப் போனார். போன கையோடு எழுதிவிட்டார். "மாப்ள, இங்க இருக்கிற மெஷினை எல்லாம் நீ பாக்கணும். ஒன் கைக்கு இதுதான் எடம். கெளம்பி வா." அந்தக் கடிதம் வந்த பிறகு உங்கள் கால் ஆடியது இன்னும் அதிகமானது. எங்கள் கம்பெனிக்கு மெட்ராஸில் ஆள் எடுக்கிறார்கள், பேர் கொடுத்திருக்கிறேன் என்று அவர் அடுத்து எழுதினார். நீங்கள் அதை என்னிடம் படித்துக் காட்டிவிட்டு என் முகத்தைப் பார்த்தீர்கள். நான் சாப்பிட வாங்க என்றேன்.

எனக்கு நீங்கள் போகக் கூடாது. அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது. ஆனால் வாயைத் திறந்து சொல்ல மாட்டேன் என்று வைராக்கியமாக இருந்தேன். ஏன் என்றால், உங்களை எனக்குத் தெரியும். மழை வருது, போகாதீங்க என்றால் குடையைக்கூட எடுக்காமல் போகிற ஆள் நீங்கள். நான் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால், அந்த ஒரு வார்த்தைக்காகவே மஸ்கட்டில் போய் இறங்கிவிடுவீர்கள் என்று பயந்தேன்.

அந்த நேரத்தில்தான், நாம் மாதச் சாமான் வாங்குகிற கடை அண்ணாச்சி வந்தார். சிம்மக்கல்லில் மொத்தச் சாமான் கடை. கடைக்கு மேலே ஒரு ஹால் சும்மா கிடந்தது. அவருடைய மச்சினர் சிங்கப்பூரிலிருந்து வரும்போது வேட்டிக்குள் சுற்றி ஒரு பச்சை அட்டையைக் கொண்டுவந்திருந்தார். அட்டை முழுக்கக் கறுப்புக் கறுப்பாகச் சில்லுகள். அதை டி.வி. படக்குழாயோடு சேர்த்தால் ஆட்டம் ஓடும், காசு போட்டு ஆடலாம், வீடியோ கேம் என்று பேர் என்றார். குழாயையும் அட்டையையும் சேர்த்துக் கொடுக்க ஒரு ரேடியோ ரிப்பேர்க்காரரைப் பிடித்துவிட்டார். கூடுதான் இல்லை.

"கூட்டை மட்டும் நீங்க செஞ்சு குடுங்க தம்பி. இது ஓடிருச்சுன்னா திருமங்கலம், விருதுநகர், தேனின்னு ஊருக்கு ஒண்ணு போட்ருவோம். ஒங்களுக்குத் தனிப் பட்டறையே வச்சுத் தாரேன்" என்றார்.

தனிப் பட்டறை என்ற சொல் காதில் விழுந்ததும் நான் அவருக்கு இரண்டாவது காபி கொண்டுவந்து வைத்தேன். அதற்கு முன்பு வீடியோ கேம் என்ற ஒன்றை நான் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் அது நன்றாக வர வேண்டும் என்று என் அளவுக்கு முழங்காலில் நின்று ஜெபித்தவர் மதுரையில் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

மரத்தில் பள்ளம் வெட்டவும் விளிம்பை உருட்டவும் உங்கள் கம்பெனியில் கையில் பிடித்து ஓட்டுகிற ரூட்டர் மெஷின் ஒன்று இருந்தது. முதலாளியிடம் சொல்லிவிட்டுச் சனிக்கிழமை அதைச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவருவீர்கள். திங்கட்கிழமை திரும்பப் போகும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்தால் பின்வாசல் முழுக்க மரத்தூள். துவைத்துக் காயப்போட்ட என் சேலையெல்லாம் மரத்தூள்.

மெஷின் இரவல். மரத்தை வெட்டுவதற்கு அதன் முனையில் மாட்டுகிற பிட்டுகளை நாமே வாங்கினோம். சிம்மக்கல் பக்கத்து ஹார்டுவேர் கடையில் நீங்கள் பிட்டு தேர்ந்தெடுத்ததை நினைத்தால் இப்போதும் எனக்குக் கால் கடுக்கிறது. நான் காய்கறிப் பையோடு நிற்கிறேன். கடைக்காரர் ஒவ்வொன்றாக எடுத்துப் போடுகிறார். நீங்கள் அதை வெளிச்சத்துக்கு நேரே பிடிக்கிறீர்கள், நகத்தில் தேய்த்துப் பார்க்கிறீர்கள், வைக்கிறீர்கள், வைத்ததையே மறுபடி எடுக்கிறீர்கள். பெண் பார்க்க வந்தபோது என்னைக்கூட இவ்வளவு நேரம் பார்க்கவில்லை என்று சொன்னேன். கடைக்காரர் சிரித்துவிட்டார். நீங்கள் சிரிக்கவில்லை.

"கை வைக்கிற எடம் கூரா இருக்கக் கூடாது டீச்சர். ஆடுறவன் வெறியில மணிக்கட்டைக் கொண்டுபோய் இடிப்பான். நல்லா உருட்டி விடணும்" என்று சொல்லிவிட்டு, முனையில் சின்ன பேரிங் சக்கரம் வைத்த பிட்டை எடுத்தீர்கள். அந்த பேரிங் பலகையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டே போகும், பிட்டு அதற்கு மேலே வளைத்து இழைக்கும் என்று வரும் வழியெல்லாம் விரலால் காற்றில் காட்டிக்கொண்டு வந்தீர்கள். டவுன் பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் உங்களுக்கு ஏதோ கோளாறு என்று நினைத்து நகர்ந்து உட்கார்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஆரம்பித்தால் கரண்ட் கம்மி. மெஷின் இழுக்காமல் முனகும், பிட்டு நின்ற இடத்தில் ப்ளைவுட் கருகும். காரணம் தேடிப் பார்த்தால் அடுத்த வீட்டில் கிரைண்டர் ஓடுகிறது. "டீச்சர், அவங்க எம்புட்டு மாவு அரைக்கிறாங்கன்னு கேட்டுட்டு வா" என்று என்னை அனுப்புவீர்கள். நான் வெட்கத்தை விட்டுப் போய்க் கேட்பேன். கொஞ்சம் பொறு என்பார்கள். அவர்கள் மாவு வழித்து எடுக்கும் வரைக்கும் நீங்கள் பின்வாசலுக்கும் முன்வாசலுக்கும் நடந்த நடையில் சிமெண்ட் தரை தேயாமல் இருந்ததே அதிசயம்.

எல்லாவற்றிலும் உங்களைப் பைத்தியமாக்கியது காசு போகிற பாதைதான். காசு வாங்குகிற ரெடிமேட் சாமான் எங்கேயும் கிடைக்கவில்லை. ஒரு தேக்குத் துண்டில் நீங்களே பள்ளம் வெட்டினீர்கள். மேலே ஓட்டையில் போட்ட காசு அந்தப் பள்ளத்தில் உருண்டு வந்து, கீழே ஒரு தகட்டை அழுத்திவிட்டு டப்பாவில் விழ வேண்டும். தகடு அழுந்தினால்தான் ஆட்டம் ஆரம்பிக்கும். அதற்கு இரண்டு பிட்டுகள் வைத்திருந்தீர்கள். ஒன்று, காசின் கனத்துக்கு மேல் ஒரு காகிதம் நுழைகிற இடம் விட்டு வெட்டும். இன்னொன்று கொஞ்சம் அகலம்.

"கொஞ்சம் தாராளமா விடுங்களேன்" என்றேன்.

"தாராளமா விட்டா வாஷரைப் போட்டு ஆடிட்டுப் போயிருவானுக. காசுதான் போகணும், வேற எதுவும் போகக் கூடாது."

ஒடுக்கமான பிட்டைத்தான் போட்டீர்கள். அன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும் நீங்களும் மகளும் தரையில் படுத்துக்கொண்டு காசு உருட்டினீர்கள். உருண்டு, டிக் என்று அழுத்தி, டப்பாவில் விழும். ஒவ்வொரு டிக்குக்கும் என்னைக் கூப்பிட்டுக் காட்டினீர்கள். அன்றைக்கு உங்கள் கால் ஆடவில்லை என்பதைக் கவனித்தேன். இந்த மனுஷனுக்கு மஸ்கட் எதற்கு என்று நினைத்துக்கொண்டு தோசைக்கு ஊற்றினேன்.

பிறகு பெயிண்ட். திரையைச் சுற்றிக் கறுப்புதான் என்று நீங்கள் முதலிலேயே முடிவு செய்துவிட்டீர்கள். வாங்கி வந்தது பளபளப்பான எனாமல். இரண்டு கை அடித்து, காய்ந்ததும் குழாயை உள்ளே வைத்து, ரிப்பேர்க்காரரை வரவழைத்து ஆட்டத்தைப் போட்டால், மேலே எரிகிற டியூப்லைட் அந்தக் கறுப்பில் நீளமாகப் படுத்துக்கொண்டு கண்ணைக் கூசியது. திரையில் கீழே ஒரு கப்பலும் மேலே பறவை மாதிரி ஏதோ கூட்டமும் வந்தன. சுற்றிலும் என் முகம், உங்கள் முகம், கொடியில் கிடந்த துண்டு எல்லாம் தெரிந்தன. எமரி பேப்பர் போட்டுத் தேய்த்தீர்கள். கடை கடையாக அலைந்தீர்கள். பளபளப்பு வேண்டாம் என்று சொல்லிப் பெயிண்ட் கேட்ட உங்களைக் கடைக்காரர்கள் ஒரு மாதிரி பார்த்தார்களாம். நல்ல பெயிண்ட் என்றாலே பளபளப்புதானே அப்போது.

இரண்டு நாள் உங்களை இப்படிப் பார்த்துவிட்டு நான் சொன்னேன். "போர்டுக்கு அடிக்கிற பெயிண்டை அடிங்க."

"எந்த போர்டு?"

"எங்க ஸ்கூல்ல லீவுக்கு லீவு அடிப்பாங்கள்ல. கரும்பலகைக்கு. அது மின்னுச்சுன்னா ஜன்னலோரம் இருக்கிற பிள்ளைக்கு எழுத்தே தெரியாது. மின்னாம இருக்கணும்னே செய்யிறது."

நீங்கள் உடனே சைக்கிளை எடுத்தீர்கள். திரும்பி வந்து அடித்து, காய்வதற்கு முன்பே லைட்டைப் போட்டுப் பார்த்தீர்கள். வெளிச்சம் விழுந்த இடமே தெரியவில்லை. "டீச்சர், ஒனக்குக் கப்பலூர்ல வேலை போட்டுத் தாரேன், நாளைக்கே சேந்துக்க" என்றீர்கள். அந்தச் சந்தோஷத்தில் இரண்டு பக்கப் பலகைகளுக்கும் அதையே அடித்துவிட்டீர்கள்.

அண்ணாச்சி பார்க்க வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்ன தம்பி இது, முழுக்கக் கறுப்பா? தொறக்கிற அன்னைக்குச் சூடம் காட்டணுமே. கறுப்புக்கு எப்படிக் காட்டுறது?"

"வெளிச்சம் அடிச்சா ஆட்டம் தெரியாது அண்ணாச்சி."

"ஆட்டம் தெரியாட்டிப் பரவால்ல. ஆண்டவனுக்கு மங்களமாத் தெரியணும்."

உங்கள் முகம் போன போக்கைப் பார்த்து நான் நடுவில் புகுந்தேன். திரையைச் சுற்றியும் பக்கவாட்டிலும் கறுப்பு இருக்கட்டும், முன்பக்கம் முழுக்க மஞ்சள் அடித்துவிடலாம், சந்தனம் குங்குமம் வைக்க அங்கே தோதாக இருக்கும் என்றேன். அவருக்கும் சரி, உங்களுக்கும் சரி. மஞ்சள் அடித்து முடித்ததும் நாம் மூவரும் தள்ளி நின்று பார்த்தோம். அச்சு அசல் ஆட்டோ. "மீட்டர் ஒண்ணுதான் பாக்கி" என்று அண்ணாச்சியே சொல்லிச் சிரித்தார்.

மெட்ராஸிலிருந்து கடிதம் வந்தது அந்த வாரம்தான். அண்ணாச்சி பஞ்சாங்கம் பார்த்துத் திறப்புக்கு நாள் குறித்திருந்தார். அதற்கு மறுநாள் காலையில் உங்களுக்கு மெட்ராஸில் நேர்முகத் தேர்வு, கையோடு வேலையும் செய்து காட்ட வேண்டும். திறப்பு நாள் சாயங்கால ரயிலைப் பிடித்தால் சரியாக இருக்கும். பிடிக்காவிட்டால் அவ்வளவுதான். நீங்கள் கடிதத்தை மேஜையில் வைத்துவிட்டு, "போய்த்தான் பாப்போமே" என்றீர்கள். நான் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டேன். ஒரே சட்டையைத் திரும்பத் திரும்பத் தேய்த்தேன். மெட்ராஸில் செய்து காட்டுவதற்காக உங்கள் கைக்குப் பழகிய சின்னச் சாமான்களைப் பெட்டியில் சட்டைகளுக்கு அடியில் துணி சுற்றி வைத்தீர்கள்.

திறப்பு மத்தியானத்துக்கு மேல். அங்கிருந்தே ஸ்டேஷனுக்குப் போவதாக ஏற்பாடு. மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, நான் உங்கள் பெட்டியோடும் புளிச்சோற்றுப் பொட்டலத்தோடும் வந்தேன். மாடி ஹாலில் ஜிகினாத் தோரணம், வாழைக்கன்று, அண்ணாச்சியின் சொந்தக்காரர்கள், கடைப் பையன்கள், மாடிப்படி வரைக்கும் கூட்டம். மஞ்சள் முகப்பில் சந்தனமும் குங்குமமும் வைத்து, மாலை போட்டு, சூடம் காட்டினார்கள். நாம் இரண்டு பேரும் ஓரமாக நின்றோம்.

அண்ணாச்சி தாம்பாளத்திலிருந்து முதல் காசை எடுத்தார். அதில் கெட்டியாகச் சந்தனம், அதன் மேல் குங்குமம். இரண்டு பக்கமும். மெஷினுக்குப் பொட்டு வைப்பார் என்று தெரிந்து இடம் ஒதுக்கி மஞ்சள் அடித்தவர்கள் நாம். காசுக்கும் வைப்பார் என்பது நம் இருவர் புத்தியிலும் படவே இல்லை. அவர் என்ன நமக்குத் தெரியாத ஆளா, பால்காரருக்குக் கொடுக்கிற முதல் காசுக்குக்கூடப் பொட்டு வைக்கிற மனுஷன். நீங்கள் கையை நீட்டி "அண்ணாச்சி" என்பதற்குள் அவர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டையில் போட்டுவிட்டார்.

டிக் வரவில்லை. டப்பாவில் விழுகிற சத்தமும் வரவில்லை. திரையில் கப்பல் பாட்டுக்குத் தானாக ஆடிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி பொத்தானை அழுத்தினார், இன்னும் அழுத்தினார். அவர் முகம் கறுத்துப் போய், "மொதக் காசே முழுங்கிருச்சே" என்றார்.

நீங்கள் பின்கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டீர்கள். பிறகு வெளியே வந்து, "டீச்சர், பெட்டியத் தொற. சின்ன ஸ்க்ரூடிரைவர் அடியில இருக்கு" என்றீர்கள். ஹாலின் நடுவில், அத்தனை பேர் முன்னால், நான் தேய்த்து அடுக்கிய சட்டைகளை எடுத்து வெளியே வைத்தேன். ஸ்க்ரூடிரைவர் கிடைத்தது. அது சரிப்படாது என்று இன்னொன்று கேட்டீர்கள். பிறகு ஒரு பேப்பரை விரித்து, காசுப் பாதை முழுவதையும் கழற்றி, ஒவ்வொரு திருகாணியாக வரிசை வைத்தீர்கள். ஒரு கடைப் பையன் டீ கொண்டுவந்தான். அதை ஆற்றி ஆற்றிக் குடித்தீர்கள். சந்தனக் கையோடு தொடக் கூடாது என்று கீழே போய்க் கை கழுவிவிட்டு வந்தீர்கள்.

சுவரில் கடிகாரம் இருந்தது. நான் அதைப் பார்த்தேன், உங்களைப் பார்த்தேன், மறுபடி அதைப் பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை. கைக்குட்டையைச் சுருட்டிச் சுருட்டி நூலாக்கிவிட்டேன். அண்ணாச்சிதான் பதறினார்.

"தம்பி, ஒங்களுக்கு ரயிலுக்கு நேரமாச்சே. நீங்க கெளம்புங்க, நாங்க வேற ஆளை வச்சுப் பாத்துக்கிறோம்."

"என் கையில செஞ்சதை வேற ஒருத்தன் பிரிக்கக் கூடாது அண்ணாச்சி" என்று நிமிராமலே சொன்னீர்கள்.

காசு கடைசியில் வந்தது. அதைத் துடைத்து அண்ணாச்சியின் கையிலேயே கொடுத்தீர்கள். போட்டார். டிக். ஹால் முழுக்கக் கை தட்டியது. அண்ணாச்சி ஆடத் தொடங்கிய மறு நிமிஷமே கப்பல் வெடித்தது, அதற்கும் கை தட்டினார்கள். அப்போது ரயில் ஸ்டேஷனை விட்டுக் கிளம்பியிருக்கும். நான் சட்டைகளை மடித்து உள்ளே வைத்தேன். வீட்டுக்குப் போகிற ஆட்டோவில் நீங்கள் "போச்சு, போ" என்று மட்டும் சொன்னீர்கள். வீட்டில் அந்தப் புளிச்சோற்றைப் பிரித்து மூன்று பேருமாகச் சாப்பிட்டோம். எனக்குச் சந்தோஷத்தில் இறங்கவே இல்லை. வெளியே காட்டிக்கொள்ளாமல் இருக்க நான் பட்ட பாடு கொஞ்சமில்லை.

அண்ணாச்சி சொன்ன சொல் தப்பவில்லை. திருமங்கலம் ரோட்டில் பட்டறை வைத்துக் கொடுத்தார். நீங்கள் செய்த பெட்டிகள் எத்தனையோ ஊருக்குப் போயின, எல்லாம் அகலமான பள்ளத்தோடு. அந்த முதல் பெட்டியின் பக்கப் பலகையில் எழுத வரும் என்று ஆடவந்த பையன்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். சாக்பீஸில் தங்கள் பேரையும் பாயிண்டையும் எழுதி வைப்பார்களாம், அடுத்தவன் அழித்துவிட்டு எழுதுவானாம். அண்ணாச்சி சாக்பீஸ் டப்பாவே வாங்கி வைத்தார். பிறகு அந்த ஆட்டமெல்லாம் வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. பட்டறை கதவு, ஜன்னல், அலமாரி என்று திரும்பியது. வாழ்க்கை ஓடியது.

ஆனால் எனக்குள் ஒன்று உட்காரவே இல்லை. மஸ்கட் சிநேகிதர் லீவில் வந்து போகும்போதெல்லாம் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். சாயங்காலம் ரயில் கூவுகிற நேரத்துக்குச் சரியாக நீங்கள் எழுந்து வாசலுக்குப் போய் நிற்பீர்கள். போயிருக்க வேண்டிய மனுஷன், ஒரு காசு இடறி இங்கேயே கிடக்கிறார் என்று நினைப்பேன். அதனாலேயே உங்களை ஒன்றும் சொல்ல மாட்டேன். முன் அறையைப் பலகை அடுக்குகிற இடமாக மாற்றினீர்கள், சரி என்றேன். அடுப்படிச் சுவருக்கு ஒரு நாள் கரும்பலகைப் பெயிண்ட் அடித்து வைத்தீர்கள், அதற்கும் சரி. டி. கல்லுப்பட்டியில் யாரோ பழைய வீடு பிரிக்கிறார்கள், உத்தரம் பார்த்துவிட்டு வாரேன் என்று மகளின் பிறந்தநாளன்று காலையில் போய், விருந்தாளிகளெல்லாம் போன பிறகு வந்தீர்கள். வேறு பெண்ணாக இருந்தால் பாத்திரம் பறந்திருக்கும். அவ்வளவு பெரியதை இழந்தவருக்கு இதைக்கூட விட்டுக்கொடுக்கக் கூடாதா என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். இப்படியே தலை நரைத்தது.

போன வருஷம் ஆஸ்பத்திரியில், மத்தியானம். நீங்கள் கட்டிலில் சாய்ந்து, கட்டில் விளிம்பை விரலால் தடவிக்கொண்டிருந்தீர்கள். என்னவோ, அன்றைக்கு எனக்குக் கேட்டுவிட வேண்டும் என்று வந்தது.

"அன்னைக்கு அந்தக் காசு மட்டும் சிக்காம இருந்திருந்தா, நீங்க மஸ்கட் போயிருப்பீங்கள்ல?"

"எந்தக் காசு?" என்றீர்கள். பிறகு ஞாபகம் வந்து சிரித்தீர்கள். "அதா. அஞ்சு நிமிச வேலை டீச்சர் அது. ஒரு ஊசிய விட்டு நெம்புனா விழுந்திருக்கும்."

எனக்கு முதலில் புரியவில்லை. "அப்ப எதுக்கு எல்லாத்தையும் கழத்துனீங்க?"

"நீ கடியாரத்தைப் பாக்குற, என்னையப் பாக்குற. ரயிலுங்கிற வார்த்தை ஒன் வாயில இருந்து வரவே இல்ல. அண்ணாச்சி சொல்றாரு, நீ சொல்லல. சரி, இவளுக்குப் போக வேணாம் போலன்னு கழத்த ஆரம்பிச்சேன்."

"அப்ப சாயங்காலமான்னா ரயில் கூவுறப்ப வாசல்ல போயி நிப்பீங்களே?"

"அது பீடி குடிக்க. வார்னிஷ் வாடையில ஒனக்கு எங்கிட்டுத் தெரியப்போகுது."

நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். சந்தோஷமா கோபமா என்று எனக்கே தெரியவில்லை. இத்தனை வருஷம் நான் பயந்தேனே, ஒவ்வொரு நாளும் உங்கள் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் செத்தேனே, இதை ஒரு தடவை சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டேன். என் குரல் உயர்ந்து பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்த்தார்.

நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு, அந்தப் பழைய கள்ளச் சிரிப்போடு சொன்னீர்கள். "சொல்லியிருந்தா இம்புட்டு வருசம் எனக்கு விட்டுக் குடுத்திருப்பியா டீச்சர்?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. முன் அறைப் பலகையிலிருந்து, அடுப்படிச் சுவரிலிருந்து, பிறந்தநாள் விருந்திலிருந்து எல்லாவற்றையும் எடுத்து வைத்து ஒரு பெரிய சண்டை போட வேண்டும் என்று இருந்தது. அதற்குள் நர்ஸ் வந்துவிட்டாள். வீட்டுக்கு வாங்க, வச்சுக்கிறேன் என்றேன். "வச்சுக்க" என்றீர்கள். நீங்கள் வீட்டுக்கு வரவில்லை.

அந்தச் சண்டை அப்படியே என்னிடம் இருக்கிறது. ஒரு வார்த்தையைக்கூட நான் விடவில்லை. வீட்டுக்குள் நடந்துகொண்டே அதைப் போடுகிறேன், தினமும். பதில் சொல்ல ஆள் இல்லாததால் உங்கள் பக்கத்தையும் நானே பேச வேண்டியிருக்கிறது. உங்கள் பக்கம் பேசும்போதெல்லாம் தோற்றுப்போய் நின்றுவிடுகிறேன்.